நான் பாவி, ஐயா

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

அன்பின் பிள்ளைக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். உன்னுடைய கேள்வியை வட்ஸ்அப்பில் பார்த்த அன்றே பதில் போடத்தான் நினைத்தேன். இந்தச் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாய்த் தட்ட எனக்கு விரல் வளைந்து கொடுக்குதில்லை. கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து விளங்காத இடத்தில் திருப்பிக் கேள்.

மொழிபெயர்ப்பாளர் சோதனைக்குப் படிக்கிறதாகவும், ஈவில், விக்கிட், விஷஸ், மலிஷஸ், குரூவல் என்று இருக்கிற அத்தனைக்கும் நேரே உன் கொப்பியில் 'கெட்ட' என்ற ஒரே சொல்தான் கிடக்கிறதாகவும் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். இதே பிழையைக் கரும்பலகையில் எழுதி எத்தனை வருசம் படிப்பித்திருப்பேன்! விக்கிட் என்று நான் வாசித்துக் காட்டினால் பின்வாங்கிலிருந்து ஒருத்தன், "ஆற்றை விக்கெட் ரீச்சர்?" என்று கேட்பான். அந்தப் பாடம் அதோடு முடிந்துவிடும்.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். அது சுலபம்.

ஈவில் என்பது ஆளே இல்லாமல் நிற்கக்கூடிய சொல். ஊருக்கு மேல் மப்புக் கட்டினதுபோல் அது இருக்கும், யாருடையது என்று கேட்க முடியாது. அதனாலோ என்னவோ, பெரிய இடத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு விருப்பம். 2002 தை 29இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஈராக், ஈரான், வடகொரியா மூன்றையும் ஒன்றாய்க் கட்டித் தீமையின் அச்சு என்றார். அப்போது எங்களுக்குக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். அடுத்த நாள் வகுப்பில் ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், அச்சு அங்கயெண்டால் சில்லு எங்க?" என்றான். அவனுக்கு அச்சு என்றால் மாட்டுவண்டி அச்சுத்தான். அந்தப் பேச்சு நடந்து ஒரு மாதம் ஆகமுன்னம், மாசி 22இல், இங்கே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. அச்சையும் சில்லையும் நாங்கள் மறந்துபோனோம்.

விக்கிட் அப்படி ஆளில்லாமல் நிற்காது. அதற்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் வேண்டும். செய்வது பிழையென்று தெரிந்து, தெரிந்ததாலேயே அதில் ருசி கண்டு செய்கிறவனுக்குரிய சொல் அது. சூனியக்காரியைக் குறிக்கிற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அது சொந்தம் என்பார்கள். அந்த ருசிதான் பிறகு நல்ல பக்கமாய்ப் புரண்டிருக்க வேணும். உன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நல்ல சாப்பாட்டுக்கும் விக்கிட் என்று சொல்கிறார்கள் என்று நீதானே எழுதினாய்? அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நாங்களும் 'பொல்லாத கெட்டிக்காரி' என்கிறோம். ஆச்சி உன்னை அப்படித்தான் சொல்லுவா.

விஷஸுக்குப் பல் இருக்கிறது. கடிநாய்க்குச் சொல்லலாம், கடிக்கிற வாய்க்கும் சொல்லலாம். மலிஷஸ் வெளியே தெரியாது. அது உள்ளுக்குள் வைத்துக் காத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது, கறுவம். "அவன் வேலிச் சண்டையிலயிருந்து கறுவிக்கொண்டு திரியிறான்" என்றால் மலிஷஸ் முழுசாய் அதற்குள் வந்துவிடும். இதை உன் அகராதியில் தேடிக்கொண்டிராதே, அம்மாவிடம் கேள். நோட்டி என்பது எங்கள் குழப்படி. ஒரு காலத்தில் அதுவும் மகா பாதகத்தைக் குறித்த சொல்தான். ஒன்றுமில்லை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, ஒன்றுக்கும் உதவாதவன், கெட்டவன் என்று ஏறிப்போய், கடைசியில் சீனிப் போத்தலைத் திறக்கிற பிள்ளையில் வந்து இறங்கியிருக்கிறது. சொல்லுக்கும் வயது போகப் போகப் பல் விழும்போலும்.

ஆங்கிலத்தோடு நிறுத்தினால் நீ சோதனை பாஸ் பண்ணுவாய். உனக்கு முன்னால் ஒரு அம்மா வந்து இருந்து வாயைத் திறக்கிற நாளில்தான் இடறுப்படுவாய். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இதுவரை கொம்மாவுக்குக்கூட நான் சொல்லாத ஒரு விசயம்.

யுத்தம் முடிந்து சில வருசத்துக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு விசாரணை. எது என்று எழுத விருப்பமில்லை. எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அக்காவோடு துணைக்குப் போனேன். உனக்கு அவவைத் தெரியும், சின்னனில் அவவின் கொய்யாவில்தான் ஏறுவாய். அவவின் கடைசி மகன் வட்டுவாகலில் போனவன். 2009 வைகாசியில், சனம் பாலத்தால் இந்தப் பக்கம் வரேக்க, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவையும் பேர் பதிய வேணும், பதிந்தால் விட்டுவிடுவம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அக்காவே மகனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தா. அவன் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தா. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

விசாரணையில் மேசைக்கு அங்காலே மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தம்பி. காலையிலிருந்து இருபது பேருக்கு மேல் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, நான் அவனையும் குறை சொல்லமாட்டேன். அக்கா எல்லாம் ஒழுங்காய்ச் சொன்னா. தேதி, இடம், பஸ்ஸின் நிறம், மகன் போட்டிருந்த சேட்டு. கடைசியில் குரல் உடைந்து, "நான் பாவி, ஐயா. நான்தான் கையைப் பிடிச்சுக் குடுத்தனான்" என்றா.

அந்தத் தம்பி ஆங்கிலத்தில் சொன்னான்: தான் குற்றவாளி என்று இந்த அம்மா சொல்கிறா.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவர் கேட்டதைத் தம்பி தமிழில் திருப்பிச் சொன்னான்: "என்ன குற்றம் செய்தனீங்கள் அம்மா?"

அக்காவின் முகத்தை நான் பக்கவாட்டில்தான் கண்டேன். அவவுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்கித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் குடுத்திருக்கக் கூடாது ஐயா" என்றா. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பிள்ளை, எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். பின் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "ஐயா, அது குற்றவாளி இல்லை" என்று எழும்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் என்று சொல்லலாம். ஒழுங்கு என்றும் சொல்லலாம், துணைக்கு வந்த ஆள் இடையில் பேசக்கூடாதென்று வாசலில் சொல்லித்தான் விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவேக்கதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போது வந்து என்ன?

பாவம் என்ற எங்கள் சொல்லை யோசித்துப் பார். கோயிலில் கேட்டால் அது செய்த கெட்ட காரியம். பஸ் கிடைக்காமல் மழையில் நனைகிற பிள்ளையைக் கண்டு, "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். செய்தவனுக்கும் பட்டவனுக்கும் ஒரே சொல். பாவி என்பதும் அப்படித்தான் இரண்டு பக்கம் வெட்டும். "அந்தப் பாவி கொண்டு போட்டான்" என்றால் கொலைகாரன். "நான் பாவி" என்று ஒரு தாய் சொன்னால் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தன் தலையில் வந்து விழுந்ததைச் சொல்கிறாள். அதற்குள் 'நான் செய்தேனே' என்ற முள்ளும் கிடக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். முள்ளை மட்டும் பிடுங்கி எடுத்து மேசையில் வைத்ததுதான் அன்றைக்கு நடந்தது.

இதிலே ஒரு வேடிக்கை. அந்தத் தம்பி சிங்களத்தில் சொல்லியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. சிங்களத்திலும் பவ் என்றால் பாவம், 'அனே பவ்' என்றால் ஐயோ பாவம். எங்கள் சொல்லின் இரண்டு பக்கமும் அப்படியே அங்கேயும் இருக்கிறது. இத்தனை வருசம் அடிபட்ட இரண்டு சனம் இந்த ஒரு சொல்லில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்துக்குப் போனதும் ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் இந்தச் சொற்களைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். ஆங்கிலச் சொற்களில் கனக்க, செய்தவனின் நெஞ்சைத் திறந்து பார்க்கிறவை: என்ன எண்ணத்தோடு செய்தான், தெரிந்தா, ரசித்தா, கறுவியா? எங்கள் சனம் வாயில் எடுக்கிற சொற்களில் கனக்க, பட்ட இடத்தைக் காட்டுகிறவை. கொடுமை என்கிறோம். பசிக்கொடுமை, வெயில் கொடுமை, நோய்க்கொடுமை. செய்த ஆளே வேண்டாம், பட்ட ஆள் இருந்தால் போதும். அநியாயம் என்கிறோம், ஒரு ஒழுங்கு உடைந்ததென்று அர்த்தம். தக்காளிக்கு அநியாய விலை, அநியாயமாய்க் கொட்டுப்பட்ட சோறு, அநியாயமாய்ப் போன உயிர். மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா என்று நீ கேட்பாய். போதும். சோறு கொட்டுப்படுவதை ஆச்சி எந்த முகத்தோடு சொல்லுவா என்று உனக்குத் தெரியும்தானே.

எங்களுக்கும் நெஞ்சைப் பார்க்கிற சொல் இல்லாமலில்லை. வஞ்சகம், சூது, நயவஞ்சகம், கள்ளம், எல்லாம் இருக்கு. இதை நீ விதியாய் எழுதிப் பாடமாக்கிவிடாதே. ஒரு கை விளக்காய் வைத்திரு.

இந்தச் சொற்களை ஒரு கதையில் வைத்துப் பார்ப்போம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு உன்னை இரண்டு தரம் கூட்டிப்போயிருக்கிறேன். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகை ஊர் ஊராய்த் தங்கி, பத்தாவதாய் வந்து இருந்த இடம் அது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பது ஊர்க்கதை. மாடு மேய்த்த பொடியளிடம் கிழவியாய் வந்து பொங்கச் சொல்லி, எண்ணெய் இல்லையென்றபோது கடல்தண்ணியில் விளக்கேற்றச் சொன்னாள் என்பார்கள். இப்போதும் வைகாசியில் அந்த உப்புத்தண்ணி விளக்கு எரியுது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கூத்தில் பொற்கொல்லன் வந்தால் சின்னப்பிள்ளைகள் மண் எறிவோம், அண்ணாவியார் வந்து அதட்டுவார்.

வயது வந்து சிலப்பதிகாரம் வாசித்தபோதுதான் பிடிபட்டது, கோவலனைக் கொன்றது ஒரு ஆளில்லை. அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லன், பழியைப் போட ஆள் தேடியிருந்து கோவலனைக் கண்டான். அவன் மலிஷஸ், விக்கிட், நீ படிக்கிற எல்லாம். பாண்டியன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஊடியிருந்த மனிசியைச் சமாதானம் பண்ணப் போகிற அவசரத்தில், நடந்துகொண்டே ஒரு உத்தரவு போட்டான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று. விசாரிக்கவில்லை, நின்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஆள்தான் எனக்கு உறுத்துகிறது. கோவலனைப் பார்த்தால் கள்ளன்போல இல்லையே என்று காவலாளிகள் தயங்கி நிற்க, எழுத்தறியாத, குடித்திருந்த ஒருத்தன் வாளை வீசிவிட்டான். அவனுக்குப் பேரில்லை. கூத்திலும் அவனுக்கு ஒருத்தரும் மண் எறிகிறதில்லை. அவனுக்கு என்ன சொல் வைப்பாய்? ஈவிலா? அவனுக்கு அவ்வளவு பெரிய சொல் தாங்காது. ஹன்னா ஆரென்ட் என்ற அம்மா ஜெருசலேமில் நடந்த ஐக்மன் வழக்கைப் போய்ப் பார்த்து 1963இல் ஒரு புத்தகம் எழுதினா. இலட்சக்கணக்கான சனத்தைச் சாவுக்கு ரயிலேற்றியவன், பார்த்தால் கோப்புக் கட்டுகிற கந்தோர்க்காரன்போல இருந்தான் என்று. அதை வாசிக்கேக்க எனக்கு நினைவு வந்தது பாண்டியனின் நடந்துகொண்டே போட்ட உத்தரவும், பஸ்ஸில் ஏறியவர்களின் பேரைக் கொப்பியில் பதிந்துகொண்டிருந்த கையும்.

கண்ணகி ஊரை எரிக்கும்போதும் கணக்குப் பார்த்துத்தான் எரிக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், வயசானவர்கள், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீத்திறத்தாரிடம் போ என்று நெருப்புக்குச் சொல்கிறாள். தீத்திறத்தார் யார் என்று அவள் பேர் சொல்லவில்லை. விட வேண்டியவர்களின் பட்டியல்தான் அவளிடம் இருந்தது. நெருப்புக்கும் தீமைக்கும் தமிழில் ஒரே ஒலி வாய்த்திருக்கிறது, பார்.

இன்னும் ஒன்று. வில்லன் என்றால் நம்பியாரும் வீரப்பாவும்தான் உனக்கும் எனக்கும். அந்த ஆங்கிலச் சொல் பிறந்த இடம் தோட்டம். பண்ணையில் வேலை செய்த குடியானவனுக்குப் பேர் அது. மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவனின் பேரையே கெட்டவனுக்குப் பேராக்கிவிட்டார்கள். சிரிக்காதே, எங்கள் பக்கம் இதைவிட மோசம். ஆச்சி கோபம் வந்தால் 'சண்டாளப் பாவி' என்பாவே, சண்டாளன் என்பது ஒரு சாதிக்குப் பேர். பிறப்பால் ஒதுக்கிவைத்த சனத்தின் பேரை எடுத்து மகா கொடியவனுக்கு வைத்துவிட்டு, அதை அம்மாமார் பிள்ளையைப் பேசப் பாவிக்கிறோம். கீழ்மக்கள், ஈனப்பிறவி என்பவையும் அந்த வரிசைதான். உனக்கு முன்னால் ஒருவர் சண்டாளன் என்று சொன்னால் என்ன கருத்தில் சொன்னாரோ அதை மொழிபெயர். நீயாய் அந்தச் சொல்லை எடுக்காதே. நான் வகுப்பில் எடுத்திருக்கிறேன், ஒரு பிள்ளை தலை குனிந்தது இப்பவும் கண்ணில் நிற்குது.

ஆச்சியின் மற்ற வசவு பரவாயில்லை. 'நாசமறுப்பான்' என்று வாய் ஓயாமல் திட்டுவா. பிரித்துப் பார்த்தால், உன் நாசம் அறுந்து போகட்டும் என்ற வாழ்த்து. அதை ஆங்கிலத்தில் போட உன்னால் முடிந்தால் எனக்கு எழுது, நான் தோற்றுவிட்டேன்.

மற்றது, ஊர்ச் சொல்லில் கவனம். இந்தியாவில் அச்சடித்த அகராதியில் சேட்டைக்குக் குறும்பு என்று போட்டிருப்பார்கள். எங்கள் பெட்டை ஒருத்தி, "அவன் என்னோட சேட்டை விட்டவன்" என்று சொன்னால் அது குறும்பு இல்லை. அவள் பொலிசுக்குப் போக வேண்டிய விசயம். பகிடிவதையை எப்படிப் போடுவாய்? ராகிங் என்று போட்டால் சரிதான், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடுப்பதும் அதைத்தான். ஆனால் பகிடியையும் வதையையும் ஒரே மூச்சில் கட்டின அந்தச் சொல்லில் இருக்கிற சூடு அங்கே போகாது. மீறல் என்றொரு சொல் இப்போது எல்லா அறிக்கையிலும் இருக்கு. வேலி மீறின மாட்டுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் அதே மீறல். எனக்கு அந்தச் சொல்லில் கோபம். கந்தோருக்கு ஒரு சொல் வேண்டும்தானே என்று கொப்பா சொல்லுவார். சொல்லட்டும்.

"கெடுத்துப்போட்டான்" என்று ஒரு தாய் மகளைப் பற்றிச் சொன்னால் மட்டும் அகராதியைத் தொடாதே. கெடுத்தான் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் பழுதாகிப் போனவள் அந்தப் பிள்ளை என்று ஆகிவிடும். செய்தவனின் பேரும் செய்கையும் தெளிவாய் வருகிற சொல்லைப் போடு. அந்த இடத்தில் எங்கள் தமிழைவிட ஆங்கிலம் நேர்மையான பாஷை.

அகராதி என்றதும் நினைவு வருது. உடுவிலில் இருந்த வின்சுலோ பாதிரியார் 1862இல் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதியின் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது, அறுபத்தேழாயிரத்துக்கு மேல் சொல் உள்ளது. 2008 கடைசியில் இடம்பெயரேக்க இரண்டு பையில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது, நான் அரிசிப் பையைத் தூக்கினேன். உனக்கு அங்கே பழைய புத்தகக் கடையில் கண்டால் எனக்கொன்று வாங்கி வை. விலை அநியாயமென்றால் வேண்டாம்.

எழுதி இந்த இடத்தில் வரேக்க கடைசி வீட்டு அக்கா வந்தா, நெல்லு வெட்டு மெசின் எப்ப வருமென்று கேட்க. சிங்கள ஆட்கள் அந்த மெசினைப் பூதயா என்பார்கள், பூதம். அதையும் உன் பட்டியலில் சேர்க்கலாம். 2017 மாசி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கந்தசாமி கோயில் முன்னால் பந்தல் போட்டு இருந்த தாய்மாரில் அக்காவும் ஒருத்தி. இப்போது முழங்கால் ஏலாது, போகிற நாள் குறைவு. யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டா. சொன்னேன். அன்றைக்கு விசாரணையில் அந்தத் தம்பி பிழையாய்ச் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ அக்கா என்று இத்தனை வருசத்துக்குப் பிறகு கேட்டேவிட்டேன்.

"தெரியும். ஆள் நிமிர்ந்து பாத்த பார்வையில விளங்கிட்டுது" என்றா. கொஞ்சம் பொறுத்து, "நீர் எழும்புவீர் எண்டு பாத்தனான்" என்றா. கோபமாய்ச் சொல்லவில்லை. பிறகு மெசின்காரனின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு போனா.

நீ அந்தக் கதிரையில் இருக்கிற நாளில் ஒரு சொல் பிடிபடாவிட்டால் வேகமாய் ஒன்றைப் போடாதே, அம்மா என்ன சொல்ல வாறீங்கள் என்று ஒரு தரம் கேள். கேட்க உனக்கு உரிமை இருக்கா, அங்கத்தை விதி என்ன என்று எனக்கு எழுது. பாவிக்கு என்ன சொல் போடுவாய் என்றும் எழுது. நான் பத்துப் பன்னிரண்டு எழுதி வெட்டிவிட்டேன்.

புழுக்கொடியல் காயுது. மாமாவின் மகன் பங்குனியில் வாறானாம், அவனிடம் கொடுத்து விடுகிறேன். தடிமன் என்றாயே, மல்லித்தண்ணி குடி.

அன்புடன்,
சின்னம்மா